மந்திரித்த தோல்வார்

எழுத்து எனக்குக் கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு ஜெபப் புத்தகம் படித்ததும் அங்கங்கே கையெழுத்துப் போட்டதும் தவிர எழுத்தோடு எனக்குப் பழக்கம் கிடையாது. முன்னதைப் பின்னால் சொல்லிவிடுவேன். சிலது மறந்தும் போய்விட்டது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து பேச எனக்கு முடிந்திருந்தால் இப்படி உட்கார்ந்து எழுதியிருக்கவே மாட்டேன்.

சொல்ல வந்தது என் வீட்டுக்காரரின் இடது கையைப் பற்றி. பட்டாளத்தில் இருந்தபோது அந்தக் கை செத்துப் போனது. குண்டு பட்டுப் போகவில்லை, தோளில் மாட்டிய ஒரு தோல்வாரால் போனது. அந்த வாரை அவரே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார் என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. நடந்ததை அந்த வீட்டிலேயே இருந்து பார்த்தவள் நான்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில், பஸ் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ராகியும் கடலையும் போடுகிற காடு. வேதக்கோயில் உண்டு, ஆனால் சாமியார் அங்கே தங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் ஜெபம் சொல்லுவார். நான் வாக்கப்பட்டு வந்தபோது வீட்டில் என் மாமியார், வீட்டுக்காரரின் அண்ணன், அண்ணன் மனைவி, நாங்கள் இரண்டு பேர். மாமனார் இல்லை. அதனால் அண்ணன் சொல்வதுதான் வீட்டில் நடக்கும். அவரை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் முன்வாசலில் வந்தால் நான் பின்வாசலுக்குப் போய்விடுவேன். அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள்.

பாகிஸ்தானோடு சண்டை முடிந்த பிறகு வந்த ஒரு கோடையில் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். சண்டை நின்றுவிட்டதே, இனி என்ன பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேலையே அதற்குப் பிறகுதான் என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. எல்லையில் கோதுமை விளைகிற நிலத்தில் வெடியைப் புதைத்து வைத்திருந்தார்களாம். அதைத் தேடி எடுக்கிற கூட்டத்தில் இவரும் ஒருவர். குப்புறப் படுத்து, நீளமான கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நகர வேண்டுமாம். அதற்கு மேலுக்குப் போட்டுக்கொள்ள இரும்புத் தகடு வைத்துத் தைத்த கனத்த சட்டை ஒன்று கொடுப்பார்களாம். வெடித்தால் நெஞ்சாவது தப்பும் என்று.

அந்தச் சட்டையோடு தொல்லை இல்லை. அதற்கு மேலே மாட்டுகிற வாரோடுதான் தொல்லை. கம்பி, முளைக்குச்சி, நாடாச் சுருள், தண்ணீர், கத்தி எல்லாவற்றையும் உடம்பிலேயே கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். சர்க்கார் கொடுக்கிற பெல்ட்டும் தோள்பட்டையும் வெறும் சட்டைக்கு அளவெடுத்தவை. தகட்டுச் சட்டைக்கு மேலே போட்டால் எட்டாது, பூட்டாது. 'அவங்கவங்க வசதிக்கு ஏதாச்சும் பாத்துக்குங்கப்பா' என்று மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தாராம். அதனால் லீவு முடிந்து போகும்போது சரியான ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போவது என்று வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே ஆரம்பித்துவிட்டார்.

"ஏ புள்ள, பழைய சாக்கு ரெண்டு எடு. வாய்க்கா மணலை அள்ளிகிட்டு வா."

"எதுக்குங்க?"

"தகட்டுச் சட்டைக்குத்தான். அது இங்க ஏது? மணலைக் கட்டிகிட்டுப் பாத்தாதான் அளவு தெரியும்."

சாக்கில் தலை நுழைகிற அளவு ஓட்டை போட்டு, நெஞ்சுப் பக்கம் ஒரு மணல் பொதி, முதுகுப் பக்கம் ஒரு மணல் பொதி வைத்துக் கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

"என்னாடி இது, உங்க வூட்டுக்காரரு சாக்குக்குள்ள பூந்துகிட்டாரு? பட்டாளத்துல சோறு கொறைச்சலா இருக்குதுன்னு மூட்டையாவே கட்டி அனுப்பறியா?"

மாமியார் வெளியே வந்து பார்த்துவிட்டு, "ஐயையோ, பாஸ்கா நாடகத்துல வர்ற ரோமாபுரிச் சேவகன் கணக்கா இருக்கறானே. கையில ஈட்டி ஒண்ணுதான் இல்ல" என்றார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அவர் யோசித்து வைத்திருந்தது கட்டில் நாடா. உள்ளங்கை அகலம் இருக்கும் பருத்தி நாடா. இரண்டு தோளிலும் போட்டு, முதுகில் குறுக்கே தைத்து, இடுப்பில் சுற்றி முன்னால் ஒரே முடிச்சு. நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்று விழும். பக்கவாட்டில் பழைய படுதாத் துணியில் பைகள். நெஞ்சுக்கு நேராக ஒன்றும் இருக்கக் கூடாது, படுக்கும்போது உறுத்தும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். மாட்டிக்கொண்டு வாசலில் குப்புறப் படுப்பார், மண்ணைக் குச்சியால் குத்துவார், எழுந்திருப்பார். "இந்தப் பக்கம் நழுவுது, ரெண்டு வெரக்கடை உள்ள வாங்கு" என்பார். நான் பிரித்துத் தைப்பேன். மறுபடி படுப்பார். கடைசியில் கை இரண்டையும் வீசிப் பார்த்து, "இதான் புள்ள. தோளுல இருக்கறதே தெரியல" என்றார்.

அப்போதுதான் மாமா காட்டிலிருந்து வந்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"டேய், என்னாடா வேசம் இது? பூம்பூம் மாட்டுக்காரன் கணக்கா நாடாவைச் சுத்திகிட்டு நிக்கிற?"

"இல்லீங்கண்ணா, சட்டைக்கு மேல மாட்டறதுக்கு. அகலமா இருந்தாத்தான் தோளை அறுக்காது."

"நீ சர்க்கார் சிப்பாயா, சந்தையில மூட்டை தூக்கறவனா? அங்க நாலு ஊரு ஆளுங்க இருப்பாங்க. தருமபுரிக்காரன் கட்டிலைப் பிரிச்சுக் கட்டிகிட்டு வந்திருக்கான்னு சிரிக்க மாட்டானுங்க?"

"படுத்தாலும் நழுவாதுங்கண்ணா. மாட்டிப் பாத்துட்டேன்."

"நழுவாது கிழுவாது. நான் பாத்துக்கறேன், வுடு."

அடுத்த காரிமங்கலம் சந்தைக்குப் போய், யாரோ விற்க வைத்திருந்த குதிரை வண்டிச் சேணத்தை வாங்கி வந்தார் மாமா. சந்தைப் பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து அறுத்து, இரண்டு வாராகக் குறுக்கே போடுகிற மாதிரி தைத்திருந்தார். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். கெட்டித் தோல். பித்தளை வளையத்தைப் புளி போட்டுத் தேய்த்து, தோலுக்கு விளக்கெண்ணெய் தடவி, வெயிலில் வைத்து எடுத்து, சாமி சுரூபத்தைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை மறுக்க மாட்டேன். போலீஸ்காரர் போடுகிற வார் மாதிரி மினுமினுவென்று இருந்தது. ஊரில் பத்துப் பேர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மணல் சாக்கை மாட்டி அதற்கு மேல் அதைப் போட்டுப் பார்த்தார் அவர். நின்றால் ஒன்றுமில்லை. படுத்துக் கையை முன்னால் நீட்டினால் வார் வழுக்கிக்கொண்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்தவர் இடது கையை இரண்டு தடவை உதறினார். மாமா வளையத்தின் மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளே போய் மாமியாரிடம் சொன்னேன்.

"அத்த, அவரு கையை உதறாருங்க. வாரு அழுத்துது போல."

"புதுத் தோலு அப்பிடித்தான் இருக்கும். புதுச் செருப்பு கடிக்கறதில்ல? போட்டுப் பழகினா சரியாயிரும். பெரியவன் காதுல வுழப்போவுது, போயி அடுப்பைப் பாரு."

அவரிடம் தனியாகக் கேட்டேன். அவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "அண்ணன் மனசை எதுக்கு நோவடிக்கணும்? பெட்டியில ரெண்டும் இருக்கட்டும். ஊரு எல்லை தாண்டற வரைக்கும் தோலை மாட்டிக்கறேன். அங்க போயி நாடா." எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான் இருந்தது.

எங்கள் ஊரில் புது ஏர், புது வண்டி, விதை ராகி எதுவானாலும் கோயிலில் வைத்து மந்திரித்துத்தான் எடுப்போம். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டால், எதற்காக மந்திரித்தோமோ அதற்கு அந்தச் சாமானைத்தான் எடுக்க வேண்டும், தேய்ந்து போகிற வரைக்கும். மந்திரித்த ஏரைச் சாத்தி வைத்துவிட்டு இரவல் ஏரைப் பூட்டினால் அந்த வருசம் விளைச்சல் போச்சு என்று பேசுவார்கள். அது சாமியார் சொல்லிக் கொடுத்ததா, எங்கள் ஆட்களாக வைத்துக்கொண்டதா, எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் எழுந்தபோது மாமா துண்டில் சுற்றிய வாரை எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போனார். தம்பி வெடி எடுக்கப் போகிறான், உயிருக்கு ஆபத்தான வேலை, இதை மாட்டிக்கொண்டு போகிறான் என்று சொன்னார். சாமியாருக்கு என்ன தெரியும்? நல்ல மனதோடு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கோயிலே முட்டி போட்டது. பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் அழுதார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் பக்கத்தில் போய், "நாடாவையும் மந்திரிச்சுடலாங்களே" என்று மெதுவாகச் சொன்னேன். அதற்குள் சாமியாரின் சைக்கிள் மேட்டைத் தாண்டிவிட்டது. அடுத்த ஞாயிறுதான் வருவார். இவருக்குச் செவ்வாய்க்கிழமை மொரப்பூரில் ரயில்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் பெட்டியைத் திறந்து நாடாவை வெளியே எடுத்துப் போட்டார்.

"மந்திரிச்சது இருக்கும்போது இது எதுக்குடா? சாமிய நம்பாதவன் கணக்கா."

"ஆத்தா, சும்மா ஒரு பக்கத்துல இருக்கட்டும்."

"இருக்கக் கூடாது. ரெண்டு மனசா போவாத."

மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பெட்டியை மூடினார். செவ்வாய்க்கிழமை காலையில் தோல்வாரைச் சட்டைக்கு மேல் குறுக்கே போட்டுக்கொண்டு ஊர் எல்லை வரை நடந்தார். பார்த்தவர்களெல்லாம் ராசா மாதிரி இருக்கிறான் என்றார்கள். மாமியார் பைகளை அறுத்து எறிந்துவிட்டு நாடாவைப் பழைய கட்டிலில் பின்னி வைத்தார்.

அடுத்த லீவுக்கு அவர் வரவில்லை. அதற்கும் பிறகு ஒரு மழை நாளில் வந்தார். பெட்டியை வலது கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. துடைக்க வேண்டுமானால் பெட்டியைக் கீழே வைக்க வேண்டும். பெட்டியைக் கீழே வைத்து அதே வலது கையால் துடைத்தார். இடது கை துணி காயப் போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல புள்ள, மரத்துப் போயிருக்குது. சரியாயிரும்."

சரியாகவில்லை. மாதக்கணக்கில் குப்புறப் படுத்து, தகட்டுச் சட்டையின் கனமும் சாமான்களின் கனமும் சேர்ந்து, அந்த இரண்டு விரல் தோல் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி நரம்பு செத்துப் போனதாம். முதலில் சுண்டு விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததாம். பிறகு கம்பி கையிலிருந்து நழுவ ஆரம்பித்ததாம். மந்திரித்ததைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்ட மனசு வரவில்லையாம். வெடிக்குப் பக்கத்தில் கம்பி நழுவினால் என்ன ஆகும் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வேலைக்கு ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். கை போனதற்குச் சேர வேண்டியதைக் கேட்டபோது, அந்த வார் சர்க்கார் கொடுத்ததில்லை, நீயாக மாட்டிக்கொண்டது, அதற்கு சர்க்கார் என்ன செய்யும் என்று சொல்லிவிட்டார்களாம். வாய்வார்த்தையாகச் சொன்ன மேலதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

வந்ததும் அவர் படுத்தது அந்த நாடாக் கட்டிலில். ஒரு நாள் வலது கையால் நாடாவைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

சட்டைப் பொத்தான் போட, வேட்டி கட்ட, தலைக்குத் தண்ணீர் ஊற்ற எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். அதைச் செய்வதில் எனக்குக் கஷ்டமில்லை. அண்ணன் மனைவி சட்டியைக் கழுவிக்கொண்டே, "ஒத்தக் கையில வேல செய்யாட்டியும் ரெண்டு களி உருண்டை எறங்கத்தான் செய்யுது" என்று அவர் காதில் விழுகிற மாதிரி சொன்னபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. எழுபதுகளின் நடுவில் பாகம் பிரிக்கிற பேச்சு வந்தது.

எங்கள் நிலம் இரண்டு துண்டு. ஒன்று கிணற்றுக் கழனி. இன்னொன்று கல்லும் முள்ளுமான மேட்டுக்காடு. கிணற்றை இரண்டு பேருக்கும் பொதுவாக வைத்துக் கழனியைப் பாதியாகப் பிரிப்பதுதான் நியாயம். ஆனால் மாமா, "ஒத்தக் கையால மாடு பூட்டிக் கவலையில தண்ணி எறைக்க முடியுமா? எருதைப் புடிக்கவே ரெண்டு கை வேணும். அவனுக்குக் கிணறு எதுக்கு? மேட்டுக்காடு போதும்" என்றார். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். பெண்கள் சுவர் ஓரம் நின்றோம்.

பெரியவர்களில் ஒருவர் எங்களுக்காகப் பேசினார். "அவன் கை எதனால போச்சு? நீ வாங்கிக் குடுத்த வாரால போச்சு. அப்ப நீதான விட்டுக் குடுக்கணும்?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானா அவன் கழுத்துல கட்டி வுட்டேன்? அவனே புடிச்சுத்தான் எடுத்துகிட்டுப் போனான். புடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"அட, நாங்கதான் பாத்தமே, நீ மந்திரிச்சது."

"மந்திரிச்சது தப்பா? சாமி தீர்த்தத்தால கை போச்சுன்னு சொல்றீங்களா?"

உபதேசியார் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தம்பி, நீயே சொல்லு. அந்த வாரை எடுத்துகிட்டது யாரு? உன் இஷ்டமா, அண்ணன் இஷ்டமா?"

சுவரோரம் நின்று, சொல்லுங்க, சொல்லுங்க என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் இடது கையை வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாந்தாங்க. என் இஷ்டந்தான்."

மாமா தரையைப் பார்த்தார். அவ்வளவுதான். மேட்டுக்காடு எங்களுக்கு என்று முடிந்தது. கலைந்து போகும்போது ஒருவர், "நல்லவன்யா, அண்ணனை விட்டுக் குடுக்கலையே" என்றார். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, ஊர் முன்னால் அவரோடு பேசிக்கொண்டு போகிற பழக்கம் இல்லாத நான் கேட்டேன்.

"ஏங்க அப்பிடிச் சொன்னீங்க?"

"மந்திரிச்ச சாமானால கை போச்சுன்னு கோயில் வாசல்ல உக்காந்துகிட்டு எப்பிடி புள்ள சொல்றது? ஊரே முட்டி போட்டு ஜெபம் சொல்லுச்சு."

"சாமியைக் காப்பாத்த உங்க கைதான் கெடச்சுதுங்களா?"

அவர் முன்னால் நடந்தார். கல்யாணமாகி அத்தனை வருசத்தில் நான் அவரைக் கேட்ட ஒரே கடுமையான கேள்வி அதுதான். கேட்டதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

மேட்டுக்காட்டில் நான் கல் பொறுக்கினேன். அவர் ஒற்றைக் கையால் கூடையைத் தூக்கி என் தலைக்கு ஏற்றிவிடுவார். கீழே கிணற்றுக் கழனியில் மாமா கவலை ஓட்டுகிற சத்தம் எங்களுக்கு நன்றாகக் கேட்கும். மழை பெய்தால் ராகி, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. கோயிலுக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. தீர்த்தம் தெளிக்கிற நேரத்தில் மட்டும் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். வெட்கப்படுகிறவள், பின்னால் நிற்கிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் போய்விட்டார். மாமாவும் போய்விட்டார். மாமாவின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் அவர் குணங்களைச் சொன்னவர்கள், வெடி எடுக்கப் போன தம்பிக்கு ஆசையாக வார் வாங்கிக் கொடுத்த அண்ணன் என்று சேர்த்துச் சொன்னார்கள். பாகம் பிரித்த அன்று 'அவனேதான் எடுத்துகிட்டுப் போனான்' என்றவர், செத்த அன்று ஆசையாக வாங்கிக் கொடுத்தவராகிவிட்டார். நான் சுவரோரம் நின்று அதையும் கேட்டேன்.

இதில் நான் சரியாகச் சொன்னேனா என்று தெரியாதவை உண்டு. தகட்டுச் சட்டையில் தகடு நெஞ்சுப் பக்கம் மட்டுமா, முதுகுப் பக்கமும் உண்டா, அதை அவர்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்தக் கம்பியின் நீளம் எவ்வளவு என்பது பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மாமியார் நாடாவை எடுத்துப் போட்டது ஞாயிறா திங்களா என்பதிலும் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆட்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் யாராவது அவர்களிடமும், பட்டாளத்து ஆள் ஒருவரிடமும் கேட்டுப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்தி எழுதிவிடுங்கள். அந்தக் கோயில் வாசலில் அவர் சொன்ன பதிலை மட்டும் நான் எழுதியபடியே இருக்க விடுங்கள், அதற்குக் கீழே அது பொய் என்றும் எழுதிவிடுங்கள்.